நடையை எண்ணும் வாட்ச் எனக்கு வேண்டுமா என்று நீ கேட்டதற்கு

பிரபு,

போன புதன்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். "ஏம்மா, அத்தைக்கு வாங்கின மாதிரி ஒனக்கும் ஒரு வாட்ச் வாங்கிட்டு வரட்டா? ஜெர்மனிக்குப் போன பொறவு நீ நடந்தியா, தூங்குனியான்னு அங்க இருந்தே பாத்துக்கிடுவேன்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆமாம் அல்லது வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, நான் உன்னிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். நீ நடுவில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, நானும் போக விட்டுவிட்டேன். பேப்பரில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. ஜெர்மனிக்குக் கிளம்புமுன் நீயும் ராதிகாவும் ஊருக்கு வருவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அந்த வாட்ச்சை நான் முதலில் பார்த்த நாளிலிருந்து சொல்கிறேன். பொங்கலுக்கு மறுவாரம் எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அத்தை வீட்டில் இருந்தோம். விஜயா மதினிக்குச் சர்க்கரை கூடிப்போய், தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ராதிகா சின்ன வயதிலேயே தகப்பனை இழந்த பிள்ளை, அவளைப் பெற்ற மதினி தனியாகத்தான் இருக்கிறாள், அதனால் மாமியாருக்கு நீ வாட்ச் வாங்கிக் கொடுத்தது சரி. அதை அன்றைக்கும் நான் மறுக்கவில்லை. ஆனால் நீ செய்த விதம் இருக்கிறதே. மதினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீ அவள் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கையை உன் முழங்கால் மேல் வைத்து, எந்த ஓட்டையில் வார் மாட்டினால் இறுக்காது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாய். "வலிக்குதா அத்தை? இது சரியா இருக்கா அத்தை?" நான் அடுப்படி வாசலில் வடைத் தட்டோடு நின்றேன். வடை ஆறுகிறது என்று யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. உன் அப்பா போன பிறகு என் கையை யாரும் அப்படிப் பிடித்து உட்கார்ந்ததில்லை என்று அந்த நிமிஷத்தில் ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பெயர் பொறாமை என்று தெரிந்துகொள்ள எனக்கு ரெண்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மதினியிடமிருந்து போன் வரும். "மதினி, இன்னைக்கு ஆறாயிரத்து நானூறு. மாப்ள கைதட்டுற படம் போட்டிருக்காக." மறுநாள் ஏழாயிரம், கட்டை விரல் படம். அதற்கு மறுநாள் மழை, நடக்கவில்லை, நீயே கூப்பிட்டு "என்ன அத்தை, இன்னைக்கு அடி கம்மியா இருக்கே, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா" என்று விசாரித்தாயாம். அவள் வெகுளியாகத்தான் சொன்னாள். குத்திக் காட்டுகிற குணம் அவளுக்குக் கிடையாது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் வைதுவிட்டாவது போகலாம். நல்லவள் மேல் பொறாமைப்பட்டால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

நான் இருபத்திரெண்டு வருஷமாகப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நடக்கிறவள். ஆறு தறி என் பொறுப்பு. ஒன்றில் இழை அறுந்தால் கட்ட ஓடணும், கட்டி நிமிர்ந்தால் இன்னொன்றில் நூல் தீர்ந்து நிற்கும். காலையில் ஏறினால் சாயங்காலம் வரை அந்தச் சந்துக்குள் போவதும் வருவதும்தான். எத்தனை ஆயிரம் அடி நடந்தேன், யார் எண்ணினார்கள், எந்த மகன் கைதட்டினான் என்று மதினியின் போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன். பதிலும் எனக்கே தெரியும். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், "ஏம்மா, தறியில நீ என்ன வேல பாக்க?" என்று கேட்டாய். நான், "சும்மா நிப்பேன்லே. மிஷின் தானா ஓடும்" என்றேன். என் கால் வீங்கியதை நீ பார்த்துப் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நின்றுவிடக் கூடாது என்ற பயம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சேலையை இழுத்துக் காலை மூடிக்கொள்வேன். ஆக, நீ எண்ணாமல் போனது உன் தப்பில்லை. எண்ண விடாமல் செய்தவள் நான். அது தெரிந்தும் உன் மேல் வருத்தப்பட்டேன், மதினி மேல் பொறாமைப்பட்டேன்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு போன் கடையில் ஏறினேன். இந்த வாட்ச்சில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று. கடையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். கை அசைவை வைத்துத்தான் அடியை எண்ணுமாம். கையை வீசி நடந்தால் சரியாக எண்ணும், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் விட்டுவிடும், சில நேரம் பஸ் குலுக்கலுக்குக்கூட ஏறும் என்றாள். அடியில் பச்சையாக மினுங்குகிற வெளிச்சம் நாடித்துடிப்பைப் பார்க்கும். நாலைந்து நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போடணும், போன் பக்கத்தில் இருக்கணும். "டாக்டர் வச்சிருக்க மிஷின் மாதிரி நெனச்சிராதீக அக்கா. ஒரு அடையாளம் காட்டும், அம்புட்டுத்தான்" என்றாள். நல்ல பெண், விற்கிறதற்காகப் பொய் சொல்லவில்லை. என் கையில் ஒன்றை மாட்டியும் விட்டாள். "இன்னொன்னு இருக்கு அக்கா, மனசுல எம்புட்டு டென்ஷன் இருக்குன்னும் சொல்லும்." நான் உடனே கழற்றிக் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே. அன்றைக்கு என் மனசு இருந்த லட்சணத்துக்கு அது உன் போனுக்கு என்னத்தை அனுப்பிவைக்குமோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

பிறகு நான் வேறொன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தறி லீவு. சாயங்காலம் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மதினியோடு நடக்க ஆரம்பித்தேன். உன்னிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டாய். "ரெண்டு பேரும் சேந்து நடக்கிறது எம்புட்டு நல்லது" என்றாய். நான் துணைக்குப் போகவில்லை பிரபு. அவளைவிட நான் நன்றாக நடக்கிறேன் என்று காட்டத்தான் போனேன். யாருக்குக் காட்ட என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கோயிலைச் சுற்றி நாலு ரத வீதியும் நடப்போம். அவள் அசைந்து அசைந்து வருவாள், நான் முழங்கால் வலியை வெளியே காட்டாமல் விறுவிறு என்று முன்னால் போய்த் திருப்பத்தில் நின்று, "வாங்க மதினி, மெதுவா வாங்க" என்பேன். அப்படி நிற்பதில் ஒரு சுகம் இருந்தது. அவளும் என்னை நிற்க வைக்கக் கூடாது என்று வாரா வாரம் வேகத்தைக் கூட்டினாள். மூச்சு வாங்குகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது மறைத்ததைச் சொல்கிறேன். மதினி தெருவில் விழுந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டேன் என்று கிளம்பும்போதே சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. வெயில் இன்னும் தாழவில்லை. ரெண்டாவது சுற்றில் தெற்கு ரத வீதிக்கு வரும்போது நின்றாள். "மதினி, இது கையில துடிக்குது. நூத்தி நாப்பதுன்னு காட்டுது. எனக்கும் படபடன்னு வருது. செத்த நேரம் உக்காருவமா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கெடக்கு மதினி. மிஷினுக்கு என்ன தெரியும்? நா எந்த வாட்ச்சப் பாத்து இருவத்திரெண்டு வருசம் நடந்தேன்? கழட்டிப் பையில போடுங்க, ஒன்னும் ஆகாது." மதினி கழற்றி என் கையில் கொடுத்தாள். என் பையில் போட்டுக்கொண்டேன். நடந்தாள். நான் சொன்னதற்காக நடந்தாள்.

மேல ரத வீதி தாண்டி வடக்கு வீதியில் திரும்பினதும் ஒரு பாத்திரக் கடைப் படியில் அப்படியே சரிந்துவிட்டாள். ரவிக்கை நனைகிற அளவு வேர்வை. கை நடுக்கம். என்னைப் பார்த்து "ராதிகா" என்றாள். கடைக்காரர் ஓடிவந்து முகத்தைப் பார்த்ததும், "சக்கர ஆளா இவிய?" என்று கேட்டு, டீக்கடையிலிருந்து சீனித் தண்ணீர் வாங்கிக் குடிக்கவைத்தார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏற்றிவிட்டதும் அவர்தான். மதினி என் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் உன் அம்மா செய்த காரியத்தைக் கேள். பையிலிருந்து வாட்ச்சை எடுத்து அவள் கையில் மாட்டினேன். நீ பார்ப்பாயே, எங்கே வாட்ச் என்று கேட்பாயே என்ற பயம். ஆட்டோ குலுங்குகிறது, வார் ஓட்டையில் நுழையமாட்டேன் என்கிறது. அவள் உயிர் போகுமோ என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொள்ள, இன்னொரு பக்கம் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையை விரல் செய்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டதாம். டாக்டரம்மா என்னிடம் கேட்டாள்: "கடிகாரம் போட்டிருக்காங்களே, நடக்கும்போது ஒன்னும் காட்டலையா?" நூற்று நாற்பது காட்டியது என்று மட்டும் சொன்னேன். "இது சர்க்கரைய அளக்காதும்மா. ஆனா நெஞ்சு அவ்வளவு வேகமா ஓடுனதச் சொல்லிருக்குல்ல? அவங்களுக்கும் படபடப்பு இருந்திருக்கு. அப்பவே உக்காந்து ஒரு மிட்டாய வாயில போட்டிருந்தா இங்க வரவேண்டிய வேலையே இல்ல" என்றாள்.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். முதலில் அழுகிற குரலில் எல்லாம் விசாரித்தாய். பிறகு, "ஏம்மா, நடுவுல அரை மணி நேரம் வாட்ச் ரீடிங்கே வரலியே, ஏன்?" என்றாய். நான் மதினி பக்கம் திரும்பினேன், அவளுக்கும் உன் குரல் கேட்டிருக்கிறது. மதினி படுத்தபடியே கையை நீட்டிப் போனை வாங்கினாள். "மாப்ள, கை அரிக்குதுன்னு நாந்தான் கழட்டி வச்சேன். மாட்ட மறந்துட்டேன்" என்றாள். நீ சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. "என்ன அத்தை நீங்க? சின்னப் பிள்ளையா? எதுக்கு அத வாங்கிக் குடுத்தேன்? சொன்னாக் கேக்க மாட்டீகளா?" அவள் "ஆமா மாப்ள, தப்புதான்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போன் என்னிடம் வந்தது. நீ சொன்னாய்: "நல்லவேள, நீ கூட இருந்தம்மா. நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும்."

இந்த வார்த்தைதான் பிரபு. நீ என்னை எத்தனையோ தடவை பாராட்டியிருக்கலாம், பாராட்டாமல் விட்டிருக்கலாம். அதெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. இந்த ஒன்றை மட்டும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அத்தை விழுந்தது நான் கூட இருந்ததால். அவள் மட்டும் தனியாக நடந்திருந்தால் அந்தத் துடிப்பைப் பார்த்ததும் உட்கார்ந்திருப்பாள்.

அவள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "ஏன் மதினி அப்படிச் சொன்னீக? தப்பு எம்மேல இருக்கையில நீங்க எதுக்கு வசவு வாங்கணும்?" அவள் கஞ்சியை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்களுக்கு எம்மேல ஒரு இது இருக்குன்னு எனக்குத் தெரியும் மதினி. நானும் ஒன்னும் ஒசத்தி இல்ல. எனக்கு ஒங்க மேல இருக்கு." எனக்குப் புரியவில்லை. "எனக்கு வாரது கட்ட விரல் படம். ஒங்களுக்குத்தான அவிய போன் போட்டு அரை மணி நேரம் சண்ட போடுறது? கொழம்புல உப்பு கூடிட்டுன்னு இங்க வந்தா எங்கிட்டச் சொல்ல மாட்டாக. ஒங்ககிட்டன்னா மூஞ்சியச் சுளிச்சுச் சொல்லுவாக. எனக்கு மாப்ள மரியாதை குடுக்காக. அம்புட்டுத்தான். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலதான் மொத மொதல்ல என்னைய வஞ்சாக. பெத்த அம்மாவ வையிற மாதிரி வஞ்சாக. எனக்கு அது போதும் மதினி, நீங்க ஒன்னும் நெனைக்காதீக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற காலேஜ் பஸ்கள் எதிரே வரிசையாக வந்தன, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வரவேண்டிய வசவையும் அவள் வாங்கிக்கொண்டாளே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. இந்தக் குணம் என்னை விட்டு ஒரேயடியாகப் போகும் என்று நினைக்காதே. இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் அதன் பேச்சைக் கேட்காமல் இருக்கலாம், அவ்வளவுதான் நான் கற்றது.

சரி, வாட்ச். யோசித்துவிட்டேன். உன் கூட்டாளிகள் போடுகிறார்கள், எல்லோர் கையிலும் இருக்கிறது என்பதற்காக எனக்கு வேண்டாம். அத்தையிடம் இருக்கிறது என்பதற்காகவும் வேண்டாம், அந்தக் காரணத்துக்காக வாங்கினால் நான் படுக்கையில் உட்கார்ந்து கையை ஆட்டியாவது அவளைவிட நூறு அடி கூட்டிக் காட்டுவேன், என்னை எனக்குத் தெரியும். போன வாரம் நானே போய் ரத்தம், பிரஷர் எல்லாம் பார்த்துக்கொண்டேன். சர்க்கரை இல்லை. பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது, உப்பைக் குறைத்து நடக்கச் சொன்னார்கள், மூட்டுக்கு வேகம் ஆகாது என்றார்கள். நடக்க எனக்கு வாட்ச் வேண்டியதில்லை. ஆனால் எனக்கு ஏதாவது ஒன்று என்றால் இந்த வீட்டில் பார்க்க ஆள் இல்லை என்பதும் நிஜம். வாட்ச் காட்டுகிறதை ஒரு ஆள் பார்க்கணும், பார்த்துவிட்டு எழுந்து வர அந்த ஆளால் முடியணும். ரெண்டும் இருந்தால்தான் அதை வாங்கிப் பிரயோஜனம். ஜெர்மனியிலிருந்து நீ பார்க்கலாம், வர முடியாது. எனக்கு விடியும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். ஒருநாள் சார்ஜ் போட மறந்தால் அங்கே உனக்கு வேலை ஓடாது.

அதனால் வாங்கி வா. ஆனால் உன் போனோடு சேர்க்காதே. என்னுடையதை விஜயா மதினியின் போனில் தெரிகிற மாதிரி செய், அவளுடையதை என் போனில் தெரிகிற மாதிரி செய். அப்படிச் செய்ய முடியும் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். அவள் நடை நின்றால் நான் அரை மணி நேரத்தில் பஸ் ஏறிப் போய்விடுவேன். என்னுடையது நின்றால் அவள் வருவாள். மதினியிடம் கேட்டுவிட்டேன், "சரி, ஆனா கையில அது துடிச்சா, இனி நா உக்காருற மாதிரி நீங்களும் உக்காரணும்" என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். ஒத்துக்கொண்டேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறோம். அவள் பையில் மிட்டாய் இருக்கிறது. நான் அவளுக்குப் பின்னால் வருகிறேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உடனே எனக்குப் போன் போடாதே. முதலில் அத்தைக்குப் போடு. நடந்தது தெரியும் என்று சொல், மன்னிப்பும் கேள், மரியாதையோடு மட்டும் பேசாமல் கொஞ்சம் வாயாடு. பிறகு எனக்குப் போடு. எவ்வளவு வைய வேண்டுமோ வை, நான் குறுக்கே பேசமாட்டேன். அன்றைக்கு அவளை வைததைவிட ரெண்டு வார்த்தை கூடவே வை.

அம்மா